ரத்தம் காட்டிக் கொடுத்தது

"உன் புருஷன் மாத்திரையை விட்டுட்டானாம். டாக்டர் கேட்டதும் அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்."

செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள் நாத்தனார். தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவிக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது.

பின்னாலேயே வந்த கணவன் நேராகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"நல்லாத்தானே இருக்கார் அண்ணி? கண்ணுகூட மஞ்சளா இல்லையே?"

"மஞ்சளான பிறகு என்னத்தைப் பார்க்குறது? இது புதுசா வந்திருக்கிற ரத்தப் பரிசோதனை. மாத்தி வெச்ச ஈரல் கெடுறதுக்கு முன்னாடியே, உடம்பு அதை எதிர்க்கக் கிளம்பிடுச்சான்னு ரத்தத்துலயே தெரிஞ்சுடுமாம். போன தடவை சுத்தமா இருந்துச்சு. இந்தத் தடவை கிளம்பிடுச்சு. அதை அடக்கி வைக்கத்தானே அந்த மாத்திரை?"

நாத்தனாரின் கை தன்னையறியாமல் வயிற்றுத் தழும்பின் மேல் போனது. தம்பி குடித்துக் கெடுத்த ஈரலுக்குப் பதிலாகத் தன் ஈரலில் பாதியைக் கொடுத்தவள் அவள்.

"மாத்திரையை மட்டும்தான் விட்டானா, இல்ல பழையபடி ஆரம்பிச்சுட்டானா? எனக்கென்னவோ நம்பிக்கை இல்ல. கூடவே இருக்கிறவ நீ. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்க வேணாமா?"

அன்றிலிருந்து மனைவி பார்த்தாள். மாத்திரை போட்டதும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். சட்டையைத் துவைக்குமுன் முகர்ந்தாள். குப்பைக்கூடையைக் கிளறினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"மாத்திரையை எங்கே போட்டீங்க? ஜன்னல் வழியாவா?"

"மறந்துட்டேன்னு சொன்னேனே. விடேன்."

"மறந்திருந்தா அட்டையில மிச்சம் இருக்கணுமில்ல? ஒண்ணுகூட இல்லையே?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சந்தேகம் இன்னும் கூடியது.

சாயங்காலமானால் "காலாற நடந்துட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவான். எங்கே என்றால் மழுப்புவான். அவன் பஸ் ஓட்டிய காலத்தில் கூட இருந்த கண்டக்டர், குடியிலும் கூட்டாளி. அவனைப் பார்க்கத்தான் போகிறாரோ என்று அவளுக்கு உறுத்தியது.

ஒருநாள் பின்னாலேயே போனாள். நினைத்தது சரிதான். டிப்போவின் பின்பக்கம் பழைய டயர்கள் மேல் கண்டக்டரும் அவனும். நின்றிருந்த பஸ்ஸின் மறைவிலிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு பேர் கையிலும் கிளாஸ். உற்றுப் பார்த்தாள். டீதான்.

"டாக்டர்கிட்ட தனியாப் போய் உண்மையைச் சொல்லிட்டேன், மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லைன்னு," என்றான் கணவன்.

"அப்புறம் ஏண்டா அன்னிக்கு விட்டேன்னு சொன்னே?" என்றார் கண்டக்டர்.

"குடிச்சீங்களா, மாத்திரையை விட்டீங்களா, வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களான்னு வரிசையாக் கேட்டாங்க. எனக்கு அப்பவே உறைச்சுடுச்சு. தினமும் காலையில என் பொண்டாட்டி வெந்நீர்ல ஒரு மூலிகைத் தூளைக் கலக்கிக் கொடுப்பா. எதிர்ப்புச் சக்திக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்களாம். எனக்கு அந்தச் சக்தி கூடவே கூடாது. கூடினா, அக்கா கொடுத்த ஈரலை உடம்பு வேத்தாளுன்னு நெனைச்சு விரட்டுமாம்."

"அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"பக்கத்துல அக்கா உட்கார்ந்திருக்கா. தெரிஞ்சா ஆயுசுக்கும் என் பொண்டாட்டியை மன்னிப்பாளா? என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும். நான் என்ன திட்டு வாங்காத ஆளா?"

"இப்போ அந்தத் தூளு?"

"அவ அந்தப் பக்கம் திரும்பினதும் வாஷ்பேசின்ல ஊத்திடுறேன். டாக்டர் மருந்தைக் கூட்டியிருக்காங்க. சீக்கிரமே கண்டுபிடிச்சதால அடங்கிடும்னு சொன்னாங்க."

மனைவி சத்தம் போடாமல் திரும்பி நடந்தாள். வழியெல்லாம் கண்ணீர் கண்ணை மறைத்தது.

வீட்டு வாசலில் நாத்தனார் காத்திருந்தாள்.

"என்ன, கையும் களவுமாப் பிடிச்சியா? அந்தக் கண்டக்டர்தானே அவனைக் கெடுக்கிறது?"

"ஆள் கிடைச்சாச்சு அண்ணி," என்றாள். "நான்தான்."