அனுவின் குருவி

இன்று மாலை டைப்பிங் வகுப்புக்குப் போகவில்லை. தங்கை அனு பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள். செஞ்சிக் கடைத்தெருவில் அவள் வாங்கிய பின்ச் குருவிக்கு நகம் வளர்ந்து கூண்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே ஓடும் சிவப்பு நரம்பைத் தொடாமல்தான் நுனியை வெட்டினேன். சரியாகப் பார்த்தேனா என்று தெரியவில்லை. ரத்தம் வந்தது. மஞ்சள் தூள் வைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நைனா போன் செய்தார்.

“அனு கால் வெரல்ல ரத்தம் வருதுடா. எவனோ மஞ்சத்தூள் வேற வச்சிருக்கான். நர்ஸம்மா என்னத் திட்டுது.”

“நிக்குதா நைனா?”

“நின்னா உனக்கு ஏன்டா போன் பண்றேன்?”

குருவி துள்ளியது. இறுக்கிப் பிடித்து அதன் கால் விரலை அழுத்தினேன். ரத்தம் நின்றது.

“டேய், இவளுக்கு மூச்சு முட்டுதுடா!”

பிடியைத் தளர்த்தினேன். ரத்தம் மறுபடி சொட்டியது.