இடது பக்கத்து இரைச்சல்

“லெஃப்ட்ல லேசா இரையுதே, அண்ணே.”

ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவன் இதைச் சொன்னான்.

ஒரு இரைச்சலும் இல்லை. பாட்டு துடைத்துவைத்ததுபோல் சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

பழைய ஆம்பிளிஃபயர், ஸ்பீக்கர் பார்க்கப் போகும் வீடுகளில் எல்லாம் அவன் சொல்வது இதைத்தான். வலது என்று சொல்வதில்லை. இடது என்றால்தான் ஏனோ நம்புகிறார்கள். விற்பவர் குனிந்து காதை வைத்துப் பார்ப்பார், ஒன்றும் கேட்காது, கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்படுவார், விலை தானாக இறங்கும். நண்பர்கள் அவனுக்குப் பாம்புச் செவி என்று பட்டமே கொடுத்திருந்தார்கள்.

இன்றைக்கு அதற்குத் தேவையே இல்லை. கேட்ட விலையே குறைவு. ஆனாலும் பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

எங்கெங்கோ அலைந்து தேடிய ஜோடி அது. சலவைக் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் இரண்டு ஸ்பீக்கருக்கும் வெள்ளைத் துணியில் உறை தைத்து, இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். ஆம்பிளிஃபயரின் குமிழ்களில் எழுத்துகூடத் தேயவில்லை. வீட்டில் தொண்டை கட்டியதுபோல் பாடும் தன் பழைய செட்டைக் கழித்துவிட்டு இதை எங்கே வைப்பது என்று அவன் மனதுக்குள் இடம்கூடப் பார்த்துவிட்டான். மனைவியின் தையல் மெஷின்தான் நகர வேண்டியிருக்கும். அந்தச் சண்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் குனிந்து காதை வைக்கவில்லை.

நாற்காலியை விட்டு எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

“கேட்டியா? நான் சொன்னப்ப நம்பல இல்ல? தம்பிக்கும் கேக்குது. பெட்டிதான். என் காதுல ஒண்ணும் இல்ல.”

அந்த அம்மா ஈரக் கையோடு வந்து கதவருகே நின்றார். கணவரைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்.

வீட்டுக்காரரே எல்லாவற்றையும் சொன்னார், யாருடைய கதையையோ சொல்வதுபோல் சிரித்துக்கொண்டு. கொஞ்ச நாளாக அவருடைய இடது காதில் ஓயாத இரைச்சல். கடையில், பஸ்ஸில், படுக்கையில். எப்போதும் இடது பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டதில் அதன் கோளாறு காதில் ஒட்டிக்கொண்டது என்பது அவர் கட்சி. அதனால்தான் விற்கிறார். டாக்டர் வேறு கட்சி. உள்ளே ஏதாவது வளர்ந்திருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம், தள்ளிப்போடாதீர்கள் என்றாராம். நாளைக் காலையில் வரச் சொல்லியிருந்தார்களாம்.

இனி எதற்கு அந்த வீண் அலைச்சல் என்றார். போகப்போவதில்லை.

விலையையும் அவரே பாதியாகக் குறைத்தார். இரைகிற பெட்டியை முழு விலைக்கு ஒருவர் தலையில் கட்டிய பாவம் தனக்கு வேண்டாம் என்றார்.

இதுவரை எத்தனையோ வீடுகளில் சொன்ன பொய்தான். எந்த வீட்டிலும் யாரும் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டதில்லை.

சொல்லிவிடலாம். நான் பொய் சொன்னேன். அவ்வளவுதான். அந்த அம்மா கையைத் துடைக்கக்கூட மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தன்னால் சொல்ல முடியாததைப் பெட்டியே சொல்லட்டும் என்று ஒரு கோழைத்தனமான யோசனை வந்தது. எதற்கும் பக்கம் மாற்றிப் பார்த்துவிடலாம் என்றான். இடது பெட்டியை அதன் வயரோடு வலப்பக்கம் கொண்டுபோக வேண்டும், வலதை இடப்பக்கம். கோளாறு பெட்டியில் இருந்தால் இரைச்சலும் கூடவே வலப்பக்கம் போயாக வேண்டும். இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே விளக்கினான்.

தூக்க வீட்டுக்காரரும் ஒரு கை கொடுத்தார். முதுகு பிடித்துக்கொள்ளப் போகிறது, பார்த்துத் தூக்குங்கள் என்று அவனுக்கு அக்கறையாகச் சொன்னார். அவனுக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று.

மறுபடியும் பாட்டைப் போட்டான். அவர் அதே நாற்காலியில், அதே இடத்தில், கண்ணை மூடி உட்கார்ந்தார். முதலில் தலை லேசாக ஆடியது, ரசிக்கிற ஆட்டம். அவனுக்கே ஒரு நொடி ஆசை வந்தது, கடவுளே, நிஜமாகவே இந்தப் பெட்டி இரையட்டும் என்று.

வாத்தியங்கள் ஓய்ந்து குழல் மட்டும் மிச்சமிருந்த இடத்தில் அவர் புருவம் நெரிந்தது. தலை வலப்பக்கம் திரும்பியது. எதையோ தேடியது. பிறகு கை மெல்ல எழுந்து இடது காதைப் பொத்தியது. எடுத்தது. மறுபடியும் பொத்தியது.

அந்த அம்மா வந்து பாட்டை நிறுத்தினார்.

வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். முகத்தில் கோபம் இல்லை. இன்னும் கொஞ்சம் நம்பிக்கை பாக்கி இருந்தது. அதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

“தம்பி, உங்களுக்கு இப்ப எந்தப் பக்கம் கேக்குது?”

பெட்டியைத் தூக்கும்போது கழற்றிய வெள்ளை உறை அவன் கையில் இருந்தது. அதை இஸ்திரி மடிப்பு கலையாமல் மடித்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தான்.

“எனக்கு முதல்ல இருந்தே ஒண்ணும் கேக்கல, அண்ணே.”