ஒரு நிமிடத்து வேட்டி

கணினித் திரையில் நிமிடத்துக்கு ஒரு மனித உருவம் வந்து போனது. அது மறைவதற்குள் நிவேதா வரைந்துவிட வேண்டும். அடுத்த வாரம் ஓவியக் கல்லூரியில் நுழைவுத் தேர்வு; அதற்கான பயிற்சி இது. எந்த உருவத்தின் மேலும் துணியில்லை. தம் வீட்டுத் தாளில் எவரும் வேட்டி சேலை இல்லாமல் நிற்கக் கூடாது என்று அப்பா நமச்சிவாயம் நிபந்தனை போட்டிருந்தார்.

"வேட்டி கட்டி முடிக்கதுக்குள்ள ஆளு போயிருதுப்பா" என்று அவள் தாள்களை நீட்டினாள். கரையும் கொசுவமும் அச்சாக இருந்தன. உள்ளே நிற்க ஆள்தான் இல்லை.

"இதப் பாத்து சீட்டு குடுப்பானாட்டி?"

"ஜவுளிக்கடையில வேணா வேலை குடுப்பாங்க."

அவர் எழுந்து கணினியை மூடினார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெறும் வேட்டியோடு அவள் முன்னால் வந்து நின்றார்.

"கோயில்ல நிக்க மாதிரி நிக்கேன். வரை."

நிவேதா மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். அத்தோடு பென்சில் நின்றுவிட்டது.

"தூணு மாதிரி இருக்குப்பா. கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க."

அந்தக் குடும்பத்து ஆண்களை இதுவரை யாரும் குனியச் சொன்னதில்லை. நமச்சிவாயம் போய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து நின்று கேட்டார்:

"எவ்வளவு குனியணும்?"