மூணு வரைக்கும்

"எந்த இடம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க. அந்த ஆத்து வளைவு மட்டும் வேண்டாம்" என்று அடித்துச் சொன்னாள் ட்ரூடி.

ஆஸ்திரேலியாவில் மர்ரி ஆற்றங்கரையில், சுற்றுலா வருபவர்கள் வண்டியோடு வந்து தங்கும் கேரவன் பார்க்கை நடத்துபவள் அவள். கிறிஸ்துமஸ் வாரத்துக்குக் கூடாரம் போட இடம் பார்க்க, லியான் கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்திருந்தாள்.

ஊரில் உள்ள நிழலெல்லாம் அந்த வளைவில்தான். வெள்ளை மணல். மரக்கிளையில் தொங்கி ஆற்றில் குதிக்க ஒரு கயிறு வேறு. பிள்ளைகள் பார்த்ததுமே துள்ளினார்கள்.

"ஏன், அங்க என்ன?" என்றான் கணவன் க்ரெய்க்.

"பொழுது சாயறப்ப ஒரு பையன் எண்ணுவான். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஆள் தெரியாது. தண்ணியில விழுற சத்தமும் வராது."

சின்னவள் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

லியானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்ல இடத்த வேண்டியவங்களுக்கு ஒதுக்கி வைக்க இப்படி ஒரு கதையா? அதுவும் குழந்தைங்க முன்னாடி!"

ட்ரூடி திரும்பி நடந்துவிட்டாள்.

இவள் வண்டவாளத்தை வெளியே கொண்டுவராமல் ஊர் திரும்புவதில்லை என்று, சாயங்காலம் லியான் தனியாகவே வளைவுக்கு நடந்தாள். பறவைகள் அடங்கிவிட்டன. ஆறு ஓடுகிற சத்தமே இல்லை. காற்றில்லாமலே கயிறு லேசாக ஆடியது.

"ஒண்ணு..."

லியானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பையன் குரல்தான்.

"ரெண்டு... மூணு!"

பிறகு ஒன்றுமில்லை.

ஓடத் திரும்பியவள், பெரிய மரத்துக்குப் பின்னால் ட்ரூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கையில் போன்.

"ஆக, எல்லாம் நாடகம்!" என்று அவள் முன்னால் போய் நின்றாள் லியான்.

"தண்ணிக்கடியில பெரிய மரம் கெடக்கு. மூணு தடவ எச்சரிக்கைப் பலகை வெச்சேன், புடுங்கி அடுப்பெரிச்சாங்க. கயித்த அறுத்தா மறுநாளே புதுசு கட்டுறாங்க. மரம்னு சொன்னா ஒருத்தரும் பயப்படல. பேய்னாத்தான் பயப்படுறாங்க."

"அதுக்காக யாரோ ஒரு பையன எண்ணச் சொல்லி, பதிவு பண்ணி..."

"யாரோ இல்ல. என் மகன் ஜாரெட். கடைசியா அவன் குதிச்சப்ப நான்தான் சிரிச்சுக்கிட்டே படம் புடிச்சேன்" என்றாள் ட்ரூடி. "மூணோட நிறுத்திடுவேன். அதுக்கு மேல என்னால கேக்க முடியாது."