வறண்ட பாதியில் ஒரு மரம்

அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவிடும்படி கண்ணாயிரம் மறுபடியும் கேட்டுப் பார்த்தார். ரம்ப மிஷினுக்கு ஏற்கெனவே பெட்ரோல் ஊற்றியாகிவிட்டது.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பு அது. பாதிக்குச் சொட்டுநீர், மறுபாதிக்கு மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எந்தப் பாதி எவ்வளவு குடித்து எவ்வளவு வளர்கிறது என்று பார்ப்பது முனைவர் காசிலிங்கத்தின் ஆராய்ச்சி. வறண்ட பாதியில் எவனும் கைகூடக் கழுவாமல் பார்த்துக்கொள்வது காவல்காரர் கண்ணாயிரத்தின் வேலை.

அந்த வறண்ட பாதியில்தான் ஒரே ஒரு மரம், அக்கம்பக்கமெல்லாம் குச்சி குச்சியாக நிற்க, தொடை கனத்துக்குப் பெருத்திருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து காசிலிங்கத்தின் கால் தரையில் பாவவில்லை. தண்ணீரே கேட்காத மரம்! வெட்டி, வட்டம் வட்டமாக அறுத்து, சென்னை மாநாட்டில் காட்ட வேண்டும். மரத்துக்குத் தன் பெயரை வைக்கவும் பெருந்தன்மையாகச் சம்மதித்திருந்தார். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

கண்ணாயிரத்தின் மேல் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. தண்ணீர் விஷயத்தில் ஆள் அவ்வளவு கறார். மனைவி ஞானாம்பாள் இருந்தவரைக்கும் மத்தியானச் சோறு கொண்டுவந்து, வீங்கின காலை நீட்டிக்கொண்டு அந்த மரத்தடியில்தான் உட்காருவாள். செம்புக்குள் கீறிவைத்த கோடு வரைக்கும் தண்ணீர் இறங்கியதும், கண்ணாயிரம் அவள் வாயிலிருந்தே செம்பை வாங்கிவிடுவார்.

"சவுக்குக்கு அளந்து அளந்து பொண்டாட்டிக்கும் அளக்குறாரு பாரு" என்று உப்பளத்து ஆட்கள் சிரிப்பார்கள். காசிலிங்கம் இதை மேடையில் சொல்லிக் கைதட்டலே வாங்கியிருக்கிறார்.

ரம்பம் ஓடத் தொடங்கியது. கண்ணாயிரம் அதற்கும் மரத்துக்கும் நடுவில் போய் நின்றார்.

"இது தண்ணி ஊத்தின மரம் சார். நாந்தான் ஊத்தினேன். டெய்லி மத்தியானம்."

ரம்பம் நின்றது. காசிலிங்கத்தின் முகத்திலிருந்து மாநாடு, மாலை, மேடை எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. தண்ணீர் ஊற்றிய மரம் அடுப்புக்குத்தான் ஆகும் என்று ரம்பக்காரரைத் திருப்பி அனுப்பினார். நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாமென்று கண்ணாயிரத்திடமும் சொன்னார். அதோடு விட மனசில்லை.

"பொண்டாட்டிக்கே அளந்து குடுத்த ஆளு நீ. இதுக்கு மட்டும் ஏன்யா ஊத்தின?"

கண்ணாயிரம் மரத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"கிட்னி போனவளுக்கு அளவுக்கு மேல குடுத்தா உயிருக்கே ஆபத்துன்னாரு டாக்டரு. செம்புல மிச்சத்தைப் பார்த்தா கெஞ்சுவா. கைக்கு எட்டக் கூடாதுன்னு அப்பவே இங்க கவுத்துடுவேன்."

காசிலிங்கம் மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார்.

"அவ கேட்டு நான் குடுக்காத தண்ணி சார் இது."