பென்சில் கோட்டுக்கு மேலே

"என் வண்டியை எவனோ தொட்டிருக்கான்."

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, கொட்டகையில் நின்ற மோட்டார் சைக்கிளை முறைத்தார் நெவில். முட்டி மாற்றப் போனவர், புண் ஆறாமல் ஆறு வாரம் கிரேமவுத் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, முந்தாநாள்தான் வெஸ்ட்போர்ட் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்.

"தொட்டா என்ன, தேஞ்சா போச்சு?" தேநீரை நீட்டினாள் மனைவி பெவர்லி.

"போறதுக்கு முன்னாடி பிரேக் ஆயில் டப்பாவுல பென்சிலால கோடு போட்டுட்டுப் போனேன். இப்போ கோட்டுக்கு மேல நிக்குது."

"விஸ்கி பாட்டில்லயே கோடு போடுற ஆளு நீ."

"விஸ்கி எப்பவும் கோட்டுக்குக் கீழதான் போகும். இது ஏறியிருக்கு. அதுவும் புது ஆயில், தண்ணி மாதிரி. எந்தத் திருடன் ஊத்திட்டுப் போவான்?"

பெவர்லி கோப்பையை அவர் கையில் திணித்தாள்.

நாலு மணிக்கு ரீஃப்டனிலிருந்து வண்டியை வாங்க ஆள் வருகிறான். பேசி முடித்தாயிற்று, சாவியைக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. இந்த முட்டி இனிமேல் அந்தக் கனத்தைத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விற்பது விற்கிறோம், ஆயிலும் பிரேக்கும் அளவு பிசகாமல் கொடுக்க வேண்டும் என்பது நெவிலின் பிடிவாதம்.

"விக்காதே, நெவில்." காலையிலிருந்து இது நாலாவது தடவை.

"என்மேல பரிதாபப்படாதே, பெவ். ஓட்ட ஆளில்லாத வண்டி துருப்பிடிச்சுச் சாகும்."

நல்ல மனசுக்காரி, அதனால்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். வாரத்துக்கு இரண்டு தடவை, நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து பார்த்தவள். கடற்கரைச் சாலை மழையில் தொப்பலாக நனைந்து கட்டிலருகே வந்து நிற்பாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டால் என்னவாம் என்று ஒவ்வொரு தடவையும் பஸ்காரனைத் திட்டுவார் நெவில்.

"போய் வைரெமுவைக் கூப்பிடு. நிமிர்த்திப் பிடிக்க ஆள் வேணும்."

பக்கத்து வீட்டு வைரெமு வந்தார். நெவிலோடு இருபது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கேயே முதுகை உடைத்துக்கொண்டவர். அன்றிலிருந்து குனிவதே கிடையாது. கீழே விழுந்த தொப்பியைக் காலால்தான் எடுப்பார்.

நெவில் இன்ஜினைக் கிளப்பினார். ஆறு வாரம் தூங்கின வண்டி ஒரே அழுத்தில் உறுமியது.

"இதுவும் சரியா இல்லையே" என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் அடியில் இறங்கக் காத்திருந்தார்.

நடு ஸ்டாண்டு இல்லாத வண்டி அது. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கையில் இன்ஜினின் சின்னக் கண்ணாடி ஜன்னல் காலியாகத்தான் தெரியும். அதை நம்பி ஊற்றினால் கெட்டது. ஒருவர் வண்டியை நேராக நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும்.

யாரும் சொல்லாமலே வைரெமு ஹேண்டில்பாரில் ஒரு கையும் சீட்டில் ஒரு கையும் வைத்து வண்டியை நிமிர்த்தினார். "ஒரு முடி அளவு சாஞ்சாலும் கண்ணாடி பொய் சொல்லும், பாரு" என்றார்.

நெவில் வாளியில் இருந்தபடியே தலையைத் தாழ்த்திப் பார்த்தார். இரண்டு கோடுகளுக்கும் நடுவே தேன் நிறத்தில் ஆயில். அவர் போகும்போது அது கரியாக இருந்தது.

"முடி அளவு சமாச்சாரமெல்லாம் உனக்கு எப்படிடா தெரியும்? சைக்கிள்கூட ஓட்டாதவன் நீ."

வைரெமு கூரையைப் பார்த்தார். "மழை வரும்போல."

"இந்த ஊர்ல அது என்னிக்கு வரல? கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சரி, பிடிச்சது நான்தான். பிடிக்க மட்டுந்தான் செஞ்சேன்."

"அப்போ குனிஞ்சு பார்த்தது யாரு?"

"சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா ஒண்ணு, நீ ஆயில் இறங்கறதுக்குள்ள அவசரப்பட்டுப் பார்ப்பே. அவங்க கடிகாரத்தை வெச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க. வண்டியோட வந்த புத்தகத்தைப் படிச்சுட்டுத்தான் மூடியையே திறந்தாங்க."

நெவிலுக்கு முகம் சிவந்தது. கொட்டகைச் சாவியை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனது இவனிடம்தான்.

"வித்துத் தொலைக்கிறேன். கண்டவனும் ஏறி இறங்கறதுக்கு இது என்ன பஸ்ஸா?"

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. ரீஃப்டன்காரன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான்.

காலிக் கோப்பையை எடுக்கப் பெவர்லி பக்கத்தில் வந்து நின்றாள். வாளியில் தலை தாழ்த்தி உட்கார்ந்திருந்த நெவிலின் கண்ணுக்கு நேரே அவள் கால்கள். வலது ஷூ பளிச்சென்று இருந்தது. இடது ஷூவின் மேலே, கட்டைவிரல் பக்கம் மட்டும், தோல் தேய்ந்து கறுத்திருந்தது. நாற்பது வருஷமாக அவருடைய ஒவ்வொரு இடது ஷூவிலும் கியர் லீவர் போட்ட அதே தழும்பு.

நெவில் மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் வைரெமுவைப் பார்த்தாள். வைரெமு கூரையைப் பார்த்தார்.

"உள்ள வரலாமா?" என்று வாசலிலிருந்து குரல் கேட்டது.

"வர வேணாம் தம்பி" என்று உரக்கச் சொன்னார் நெவில். "வண்டி விக்கிறதுக்கில்ல. ஓட்டுறவளை ஒரு வார்த்தை கேக்காம பேசி முடிச்சுட்டேன்."