ஸ்மில்யாவின் சுவர்

“நாள் பூரா வீட்டுல கெடந்து என்னதான் பண்ற நீ?” போன வருடம், குடும்பப் புனிதரின் திருநாளான ஸ்லாவா விருந்தில், அத்தனை பேர் நடுவில் மனைவி ஸ்மில்யாவைக் கேட்டான் ரத்கோ. மறுநாளிலிருந்து குளிர்பெட்டிமேல் கேமராவை வைத்து, தினமும் சமையலறையை ஒரு படம் எடுத்தாள். இன்று, அதே திருநாளில், அந்தப் படங்கள் விருந்தறைச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கின்றன. மெழுகுத்திரியின் மஞ்சள் வெளிச்சம் அவற்றின்மேல் அசைகிறது. ஒன்றில் அவள் சுட்ட குடைமிளகாயைத் தோலுரிக்கிறாள். ஒன்றில் முட்டைக்கோஸைப் பீப்பாயில் அமுக்குகிறாள். இன்னொன்றில் காய்ச்சலோடு அவன் சட்டையைத் தேய்க்கிறாள். எல்லாவற்றிலும் ஓரத்தில், அடுப்பருகே கிடக்கும் சோபாவின் கைப்பிடிமேல், சாம்பல் நிறக் காலுறை போட்ட இரண்டு பாதங்கள்.

கரண்டிச் சத்தம் ஒவ்வொன்றாக நிற்கிறது. ரத்கோவின் அக்கா பெர்சிதா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு சுவரை நெருங்குகிறாள். “ஏன்டா தம்பி, வெயில் வருது, பனி வருது, இந்தக் கால் மட்டும் எறங்கவே மாட்டேங்குதே! உசுரோடதான் இருந்தியா?” மேசையே சிரித்துக் குலுங்குகிறது. வழக்கப்படி ஸ்லாவா அன்று வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. விருந்தாளியை ஒரு சொல் கடிந்து பேசவும் கூடாது. பிராந்தித் தட்டை ஏந்தி நிற்கும் ரத்கோவின் காதுமடல் சிவக்கிறது. ஸ்மில்யா அவசரப்படாமல் கையைத் துடைத்துக்கொண்டு கேமராவை எடுக்கிறாள். “இன்னைக்குப் படம் இன்னும் எடுக்கலைங்க. நீங்க நிக்கிறதே அதிசயம், அப்படியே நில்லுங்க.” வெளிச்சம் ஒருமுறை மின்னுகிறது. அவன் தட்டை மேசையில் வைக்கிறான். விருந்தாளிகளை விட்டுவிட்டு, பனிக்குள் இறங்கிப் போகிறான்.